மட்சுமோட்டோ செய்ச்சோ: முதலில் எந்த நாவலைக் கையில் எடுப்பது?

ஜப்பானியக் குற்றப்புனைவின் பெரும் பெயர்களில் ஒன்றான மட்சுமோட்டோ செய்ச்சோவைப் படிப்பது என்று தீர்மானித்துவிட்ட வாசகருக்கு அடுத்து எழும் கேள்வி, எங்கிருந்து தொடங்குவது என்பதுதான். நாற்பது வயதில் எழுதத் தொடங்கி, 1992ஆம் ஆண்டு ஆகஸ்டில் 82 வயதில் மறையும்வரை ஓயாமல் எழுதியவர் அவர். சிறுகதை, நாவல், வரலாறு, புலனாய்வுக் கட்டுரை எனச் சேர்த்துக் கணக்கிட்டால் அவருடைய படைப்புகள் ஆயிரத்தை எட்டும் என்பார்கள். ஜப்பானிய மொழி தெரியாத நாம் ஆங்கிலத்தின் வழியாகவே அவரை அணுக வேண்டியிருப்பதால், தேர்வு இயல்பாகவே சில நூல்களுக்குள் சுருங்கிவிடுகிறது. 'புள்ளிகளும் கோடுகளும்', 'சுழியக் குவியம்', 'மணற்கலம்', 'மூடுபனியில் ஒரு கொடி', 'கேளாத இடம்' என்று நான் தமிழாக்கிச் சொல்லும் ஐந்து நாவல்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் இவற்றைத் தேடுவோர் முறையே 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்', 'பாயின்ட் ஸீரோ', 'இன்ஸ்பெக்டர் இமானிஷி இன்வெஸ்டிகேட்ஸ்', 'ப்ரோ போனோ', 'எ கொயட் பிளேஸ்' என்ற பெயர்களில் தேட வேண்டும். முதல் நாவலுக்குப் 'பாயின்ட்ஸ் அண்ட் லைன்ஸ்' என்ற பழைய மொழிபெயர்ப்பும் உண்டு.

பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை, 'புள்ளிகளும் கோடுகளும்' நாவலில் தொடங்குங்கள் என்பது. அது சிறியது, புகழ்பெற்றது, ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடியது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனாலேயே மட்சுமோட்டோவை ரயில் நேரங்களை வைத்து விளையாடும் கெட்டிக்காரர் என்று மட்டும் நினைத்துக்கொண்டு, பல மாதங்கள் அவருடைய வேறு நூல் எதையும் திறக்காமல் இருந்தேன். அந்தத் தவறான எண்ணம் இன்னொரு வாசகருக்கு நேரக் கூடாது என்ற அக்கறையோடுதான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

எதை அளவுகோலாக வைத்து ஒப்பிடுவது? அதை அவரே தந்திருக்கிறார். எடோகவா ரம்போ, யோகோமிஸோ செய்ஷி ஆகியோரின் காலத்தில் ஜப்பானியத் துப்பறியும் கதை பெரும்பாலும் பூட்டிய அறைகள், பாழடைந்த மாளிகைகள், விசித்திரமான கொலை முறைகள் ஆகியவற்றைச் சுற்றியே இயங்கியது. அந்தப் பேய்வீட்டுக் கொட்டகையிலிருந்து துப்பறியும் கதையை வெளியே எடுத்து யதார்த்தத்தில் நிறுத்துவதே தம் விருப்பம் என்று அவர் எழுதினார். அதற்கான வழியாக அவர் கண்டது, கொலை எப்படி நடந்தது என்பதைவிடக் கொலையாளியை அந்த இடத்துக்குத் தள்ளியது எது என்பதற்கு முதன்மை கொடுப்பது. அந்தக் காரணமும் தனிமனிதப் பொறாமையாகவோ பேராசையாகவோ மட்டும் நின்றுவிடாமல், அரசு அலுவலகம், போர், வறுமை, ஊராரின் பழிச்சொல் ஆகியவற்றில் வேர்விட்டதாக இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். சமூகவழித் துப்பறியும் கதை என்று ஜப்பானியர்கள் அழைக்கும் மரபு இவரோடுதான் வேரூன்றியது. ஆகவே அவருடைய நாவல்களில் எதை முதலில் படிப்பது என்று கேட்டால், இந்த நோக்கம் எந்த நாவலில் முழுமையாகவும், புதிய வாசகரைக் களைப்படையச் செய்யாமலும் வெளிப்படுகிறது என்று பார்ப்பதே முறையான வழி.

இந்த நோக்கம் அவருடைய வாழ்க்கையிலிருந்து வந்தது. 1909 டிசம்பரில் பிறந்து, கியூஷூ தீவின் வடமுனையில் இருக்கும் கொகுரா நகரில் வளர்ந்தார். அவருக்கு முன் பிறந்த இரண்டு அக்காக்களும் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டதால் பெற்றோருக்கு எஞ்சிய ஒரே பிள்ளை இவர். வறுமை காரணமாக உயர்தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. 1924இல் ஒரு மின்சாதன நிறுவனத்தின் கொகுரா கிளையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். பிறகு அச்சகத்தில் சேர்ந்து கல்லச்சுக்கு வேண்டிய எழுத்துகளையும் படங்களையும் வரையும் வேலையைக் கற்றார். 1929இல் இடதுசாரி இலக்கிய இதழ் படிக்கும் நண்பர்களோடு பழகிய குற்றத்துக்காகக் காவல்துறை அவரைப் பிடித்து அடைத்து வைத்தது. விடுதலையாகி வீடு திரும்பியபோது தந்தை அவருடைய புத்தகங்களை எரித்துவிட்டு, இனி படிக்கவே கூடாது என்று தடுத்துவிட்டார். 1937 முதல் அசாஹி நாளிதழின் கொகுரா அலுவலகத்தில் விளம்பரங்களுக்கு வடிவம் வரையும் வேலை கிடைத்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்று டோக்கியோவிலிருந்து வந்தவர்களுக்கும், உள்ளூரில் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்களுக்கும் இடையில் அந்த அலுவலகத்தில் நிலவிய ஏற்றத்தாழ்வை அவர் கடைசிவரை மறக்கவில்லை. போரின் பிற்பகுதியில் படைக்கு அழைக்கப்பட்டுக் கொரியாவில் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். தோல்விக்குப் பின் ஊர் திரும்பியபோது பெற்றோர், மனைவி, குழந்தைகள் என்று பெருங்குடும்பம் அவரை நம்பி இருந்தது. சம்பளம் போதாததால், விடுமுறை நாள்களில் விளக்குமாறுகளை மொத்தமாக வாங்கி ஹிரோஷிமா, ஒசாகா பக்கங்களுக்கு ரயிலில் போய்க் கடைக்காரர்களிடம் விற்று வந்தார். நெரிசலான ரயிலில் நின்றபடி ஊர்ஊராகப் போன அந்த ஆண்டுகள்தான் பின்னாளில் அவருடைய நாவல்களில் வரும் நிலையங்களாகவும், இணைப்பு ரயில்களாகவும், காத்திருப்பு அறைகளாகவும் மாறின என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருக்கு இலக்கிய உலகின் கதவைத் திறந்த சிறுகதையும் ஒரு தேடலைப் பற்றியதே. எழுத்தாளர் மோரி ஓகாய் ராணுவ மருத்துவராகக் கொகுராவில் தங்கியிருந்த காலத்து நாட்குறிப்பு காணாமற்போயிருந்தது. உடற்குறையுள்ள ஓர் ஏழை இளைஞன், ஓகாயை அறிந்த மனிதர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று விசாரித்து, அந்த இழந்த ஆண்டுகளைத் தானே மீட்டெழுத முயல்கிறான். அதை முடிக்காமலே அவன் இறந்துபோகிறான். அதன் பிறகு, 1951இல், மூல நாட்குறிப்பே கண்டெடுக்கப்படுகிறது. ஒரு மனிதன் தன் வாழ்நாளைக் கொடுத்துச் சேர்த்த சிறு சான்றுகள் அனைத்தும் ஒரே நாளில் தேவையற்றுப் போவதை மட்சுமோட்டோ எந்த ஆரவாரமும் இல்லாமல் சொல்கிறார். இந்தக் கதைக்கு 1953 ஜனவரியில், ஜப்பானின் பெரும் இலக்கியப் பரிசுகளில் ஒன்றான அகுதாகவா பரிசு அறிவிக்கப்பட்டது. நடுவர்களில் ஒருவரான சகாகுச்சி அங்கோ, இந்த நடை கொலையாளியையும் பின்தொடரும் ஆற்றல் உடையது என்ற பொருளில் அப்போதே எழுதியிருந்தார். அந்த ஆண்டே மட்சுமோட்டோ டோக்கியோவுக்கு வந்தார். 1956இல் நாளிதழ் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

இனி நாவல்களுக்கு வருவோம்.

'புள்ளிகளும் கோடுகளும்' 1957 பிப்ரவரி முதல் 1958 ஜனவரி வரை 'தபி' என்ற பயண இதழில் தொடராக வந்தது. ரயில் கால அட்டவணையைப் பிரித்துப் பார்த்துப் பழகிய வாசகர்கள் படித்த இதழ் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் நாவலின் கட்டமைப்பு உடனே புரிந்துவிடும். ஃபுகுவோகா அருகே காஷீ கடற்கரையில், ஜனவரி மாதக் குளிர்ந்த காலையில், ஓர் ஆணும் பெண்ணும் அருகருகே இறந்து கிடக்கிறார்கள். ஆண், ஊழல் விசாரணைக்கு உள்ளான ஓர் அமைச்சகத்தின் இடைநிலை அதிகாரி. பெண், டோக்கியோவின் அகாசாகா பகுதியில் உள்ள உணவகமொன்றின் பணிப்பெண். அருகில் பழச்சாறு பாட்டில் கிடக்கிறது; அதில் சயனைடு கலந்திருக்கிறது. காதலர் இணைந்து உயிர்விடுவதற்கு ஜப்பானில் நாடக மேடையிலிருந்தே நீண்ட மரபு உண்டு என்பதால், பார்த்த எவரும் சந்தேகப்படவில்லை. தொரிகாய் என்ற, நைந்த கோட்டு அணிந்த உள்ளூர்த் துப்பறிவாளர் ஒருவர் மட்டும் இறந்தவரின் சட்டைப்பையில் இருந்த ரயிலின் உணவகப் பெட்டியில் கொடுத்த ரசீதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். அதில் ஒருவர் சாப்பிட்டதற்கான கணக்கு மட்டுமே இருக்கிறது. சாகப் போகும் காதலி, பசி இல்லாவிட்டாலும் எதிரில் உட்கார்ந்து ஒரு காப்பியாவது குடித்திருக்க மாட்டாளா? வீட்டில் இரவு உணவின்போது தம் மகளிடம் அவர் இதைச் சாதாரணப் பேச்சுப்போலக் கேட்டுப் பார்ப்பதும், அவள் தயங்காமல் தரும் பதிலும் இந்த நாவலிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி.

பிறகு வழக்கு டோக்கியோவின் இளம் துப்பறிவாளர் மிஹாரா கைக்கு வருகிறது. டோக்கியோ நிலையத்தில் 13ஆம் நடைமேடையில் நிற்பவர் 15ஆம் நடைமேடையைக் காண வேண்டுமானால் இடையில் ரயில் எதுவும் நிற்கக் கூடாது. அப்படிப்பட்ட இடைவெளி மாலை 5.57 முதல் 6.01 வரை, நான்கே நிமிடங்கள். அந்த நான்கு நிமிடங்களில் யார் யாரைப் பார்த்தார்கள் என்பதிலிருந்து கதை கியூஷூவிலிருந்து ஹொக்கைடோவரை விரிகிறது. நேரங்கள் அக்காலத்து உண்மையான அட்டவணையை ஒட்டியவை. நோய்ப்படுக்கையில் கிடந்தபடி கால அட்டவணையை மட்டும் படித்துக்கொண்டு, இந்த நொடியில் எந்தெந்த ஊர்களில் எந்தெந்த ரயில்கள் ஒன்றையொன்று கடக்கின்றன என்று கற்பனை செய்யும் ஒரு பெண் பாத்திரம் இதில் வருகிறாள். எண்களின் வரிசையிலிருந்து இப்படி ஒரு தனிமையை எழுப்பியவரைக் கணக்காளர் என்று மட்டும் நான் நினைத்தது பெரும் பிழை.

ஆனால் முதல் நூலாக இதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. நாவலின் நடுப்பகுதி முழுவதும் ஒரே ஒரு சாட்சியத்தை உடைப்பதிலேயே செலவாகிறது. ஓரிடத்தில் இன்றைய வாசகர் துப்பறிவாளரை முந்திக்கொண்டு, இதை இவர் ஏன் இன்னும் யோசிக்கவில்லை என்று பொறுமை இழப்பார். இறுதி விளக்கம் பெரும்பாலும் ஒரு கடிதத்தின் வழியாகச் சொல்லப்படுகிறது. கொலைக்குப் பின்னால் இருக்கும் அமைச்சக ஊழலையும், கீழ்நிலை அதிகாரிகள் மேலிருப்பவர்களுக்காகப் பலியாவதையும் அவர் சொல்லத்தான் செய்கிறார். ஆயினும் ரயில் நேரங்களின் கவர்ச்சி அதை மறைத்துவிடுகிறது. புதிர் பிடித்தவருக்கு இது அருமையான தொடக்கம். மனிதர்களைத் தேடிப் படிப்பவருக்கு இது இரண்டாவது நூலாகவே இருக்கட்டும்.

'மணற்கலம்' இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. யோமியூரி நாளிதழின் மாலைப் பதிப்பில் 1960 மே முதல் 1961 ஏப்ரல் வரை நாள்தோறும் வெளிவந்தது. அந்த நிதானமும், அந்த நீட்சியும் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். டோக்கியோவின் கமாட்டா ரயில் பணிமனையில், முகம் சிதைந்த ஒரு முதியவரின் உடல் கிடைக்கிறது. அவர் யார் என்றே தெரியவில்லை. முந்தைய இரவு அருகிலிருந்த மதுக்கடையில் அவரும் ஓர் இளைஞரும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டவர்களுக்கு நினைவில் நிற்பவை இரண்டு: முதியவரின் பேச்சில் இருந்த வடகிழக்கு ஜப்பானின் வட்டார வழக்கும், 'கமேடா' என்ற ஒற்றைச் சொல்லும். ஒருவர் வாய் திறந்தவுடன் எந்த ஊர்க்காரர் என்று கண்டுகொள்ளும் பழக்கம் உள்ள நமக்கு இந்தத் தடயத்தின் சுவை விளக்கம் இல்லாமலே விளங்கும். கவிதை எழுதுவதிலும், தொட்டிச் செடி வளர்ப்பதிலும் நாட்டமுள்ள நடுவயதுத் துப்பறிவாளர் இமானிஷி, அகித்தா பகுதியில் அந்தப் பெயருள்ள ஊருக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறார். பிறகு தேசிய மொழி ஆய்வு நிறுவனத்தில் ஒரு செய்தி கிடைக்கிறது. வடகிழக்குப் பேச்சைப் போலவே ஒலிக்கும் வழக்கு, நாட்டின் மறுகோடியில், மேற்கே இசுமோ மலைப்பகுதியிலும் உண்டு. அங்கே கமேடகே என்று ஓர் ஊர் இருக்கிறது. நாவலின் முற்பகுதியிலேயே வரும் செய்தி இது. எனவே படிக்கும் சுவையை நான் கெடுத்துவிடவில்லை. மணிச்சட்டம் செய்யும் தொழிலுக்குப் பெயர்பெற்ற அந்த மலையூரில் இமானிஷி முதியவர் ஒருவரோடு உட்கார்ந்து தேநீர் அருந்தியபடி பேசும் அத்தியாயம், விசாரணை என்பது பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்பது என்பதை உணர்த்துகிறது. கமேடகேயில் இன்று இந்த நாவலுக்கு நினைவுக்கல் நிற்கிறது.

இந்த நாவலின் மையத்தில் இருக்கும் சமூக அநீதி என்ன என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது வெளிப்படும்போது, அதுவரை குற்றவாளிமேல் இருந்த கோபத்தோடு அவனை அந்த நிலைக்குத் தள்ளிய ஊர்களின்மேலும் கோபம் எழும். மட்சுமோட்டோவின் சாதனைகளில் உணர்ச்சியின் ஆழத்தில் இதுவே முதலிடம் பெறும் என்பது என் உறுதியான கருத்து. அப்படியிருந்தும் இதை முதலில் படிக்கச் சொல்லாததற்குக் காரணங்கள் உண்டு. பாத்திரங்கள் மிகப் பல. முன்னணி இளம் கலைஞர்கள் குழு ஒன்றின் உறுப்பினர்களின் பெயர்களை மனத்தில் நிறுத்துவதற்கே ஜப்பானியப் பெயர்களுக்குப் பழகாத வாசகர் திணறிப்போவார். தற்செயல் நிகழ்வுகள் அளவுக்கு மீறி உதவிக்கு வருகின்றன. பிற்பகுதியில் வரும் ஒரு கொலைமுறை, யதார்த்தத்துக்காகவே வாதாடிய இந்த எழுத்தாளரிடம் எதிர்பார்க்கக் கூடாத அளவுக்கு நம்ப முடியாததாக இருக்கிறது. இந்தக் குறைகளையெல்லாம் மன்னிக்க, அவர்மேல் முன்பே ஒரு நம்பிக்கை ஏற்பட்டிருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை வேறொரு நாவல் முதலில் தந்துவிட்டால், 'மணற்கலம்' தன் முழு வலிமையோடு வந்து சேரும்.

அந்த வேறொரு நாவல் 'சுழியக் குவியம்'தான் என்பது என் முடிவு. இது 1958இல் தொடராகத் தொடங்கியது. முதலில் வெளியிட்ட இதழ் நின்றுபோனதால், எடோகவா ரம்போ பொறுப்பேற்றிருந்த 'ஹோசெகி' இதழில் தொடர்ந்து வந்தது. எந்த மரபை மாற்ற வேண்டும் என்று மட்சுமோட்டோ சொன்னாரோ, அந்த மரபின் மூத்தவரே தம் இதழில் அவருக்கு இடம் கொடுத்தார் என்பதை மதிப்போடு குறிப்பிட வேண்டும்.

கதை எளிமையாகத் தொடங்குகிறது. 26 வயதான தெய்க்கோ என்ற பெண்ணுக்குப் பெரியவர்கள் பார்த்து மணம் முடிக்கிறார்கள். கணவர் கெனிச்சி அவளைவிடப் பத்து வயது மூத்தவர். விளம்பர நிறுவனம் ஒன்றின் கனசாவா கிளைக்குப் பொறுப்பாளர். டோக்கியோவுக்கு மாற்றல் கிடைத்திருப்பதால், பழைய பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கனசாவாவுக்குப் போகிறார், திரும்பி வரவில்லை. மணமாகிச் சில நாள்களே ஆகின்றன. கணவரைத் தேடிப் புறப்படும் தெய்க்கோவுக்குத் தனக்கு அவரைப் பற்றி எதுவுமே தெரியாது என்பது அடிக்கு அடி உறைக்கிறது. அவருடைய நண்பர்கள் யார், போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் என்ன வேலை பார்த்தார், கனசாவாவில் எந்த வீட்டில் குடியிருந்தார் என்ற சாதாரணக் கேள்விகளுக்குக்கூட விடை கிடைப்பதில்லை. இங்கே துப்பறிபவர் காவலர் இல்லை. அதிகாரமும் அடையாள அட்டையும் இல்லாத, தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டும் ஒரு பெண். புதிய வாசகரும் அவளும் ஒரே நிலையில் நிற்கிறார்கள் என்பதே இந்த நாவலை முதல் நூலாக்குவதற்கு நான் சொல்லும் முதற்காரணம்.

இரண்டாவது காரணம் நிலம். ஜப்பான் கடலை நோக்கி நீண்டிருக்கும் நோட்டோ தீபகற்பத்தின் மேற்குக் கரை, குளிர்காலத்தில், தாழ்ந்து தொங்கும் மேகங்களோடும் பாறைகளில் மோதி எழும் அலைகளோடும் நாவல் முழுவதும் வருகிறது. இருண்ட கடலையும் பனியையும் அவர் அலங்காரத்துக்காக வருணிப்பதில்லை. அந்தக் கரைக்கு ஒருவர் தம் பழைய வாழ்க்கையை மறைத்துக்கொண்டு வந்து சேர முடியும் என்பதே கதையின் அடிப்படை. மட்சுமோட்டோ இயற்றிய ஒரு குறும்பாடல் இன்று அந்தக் கடற்கரையில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது காரணமே மிக முக்கியமானது. 1945 முதல் 1952 வரை ஜப்பான் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்தது. உணவுத் தட்டுப்பாடும் வேலையின்மையும் நிலவிய அந்த ஆண்டுகளில் அமெரிக்கப் படைத்தளங்களைச் சுற்றி ஒரு வாழ்க்கை உருவானது. பிழைப்பதற்காகப் பலர் செய்தவற்றை, நாடு வளம் பெறத் தொடங்கிய பத்தாண்டுகளுக்குப் பின் யாரும் பேச விரும்பவில்லை. மரியாதை மிக்க இல்லங்களின் வரவேற்பறைகளில் அந்த மௌனம் உட்கார்ந்திருந்தது. அந்த மௌனம் உடைந்துவிடும் என்ற அச்சம் கொலை செய்யும் அளவுக்கு ஒரு மனிதரைத் தள்ளுமா என்ற கேள்வியை இந்த நாவல் எழுப்புகிறது. புதிர், நிலம், வரலாறு மூன்றும் ஒன்றோடொன்று பிரிக்க முடியாதபடி பின்னியிருப்பதால், அவர் சொன்ன நோக்கத்தை முழுமையாக நிறைவேற்றிய நாவல் என்று இதைத்தான் கருதுகிறேன். அளவிலும் 'மணற்கலம்' அளவுக்கு நீளாது. தெய்க்கோவின் ஊகங்கள் சில இடங்களில் போதிய சான்று இல்லாமலே உண்மையாகிவிடுகின்றன என்பது இதன் குறை. ஆனால் முடிவில் நமக்கு எஞ்சுவது கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிறைவாக இருக்காது. பெயரறியாத பெண்களின்மேல் ஏற்படும் பரிவாகவே இருக்கும்.

'மூடுபனியில் ஒரு கொடி' வேறு வகையான வாசகருக்கு உரியது. கியூஷூவிலிருந்து கிரிக்கோ என்ற இளம்பெண், கொலைக்குற்றம் சாட்டப்பட்ட தன் அண்ணனுக்காக வாதாடும்படி கேட்க டோக்கியோவின் புகழ்பெற்ற வழக்கறிஞர் ஒட்சுகாவிடம் வருகிறாள். அண்ணன் பள்ளி ஆசிரியர். மாணவர்களின் சுற்றுலாப் பணத்தைத் தொலைத்துவிட்டு, அதை ஈடுகட்ட வட்டிக்குக் கடன் வாங்கியவர். கடன் கொடுத்த மூதாட்டி கொல்லப்பட்டபோது பழி அவர்மேல் விழுந்தது. கட்டணம் கொடுக்க வழியில்லாத கிரிக்கோவை வழக்கறிஞர் திருப்பி அனுப்பிவிடுகிறார். அண்ணன் சிறையிலேயே இறந்துபோகிறான். அதற்குப் பிறகு அவள் செய்வதை எந்த வாசகரும் முழுமனத்தோடு ஆதரிக்க முடியாது, கண்டிக்கவும் முடியாது. நீதி என்பது பணம் உள்ளவர்களுக்கு மட்டும் எட்டுவதா என்ற அவளுடைய கேள்வி மட்சுமோட்டோவின் நெஞ்சிலிருந்தே வருகிறது. இந்த நாவல் உருவான காலத்தில்தான் அவர் தெய்கின் வங்கிப் படுகொலையைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தார். 1948 ஜனவரியில் டோக்கியோவில் வங்கிக் கிளை ஒன்றில் நச்சு மருந்து கொடுத்து 12 பேரைக் கொன்ற வழக்கு அது. அதில் மரண தண்டனை பெற்ற ஓவியர் ஹிரசாவா குற்றவாளிதானா என்று மட்சுமோட்டோ வெளிப்படையாக ஐயம் எழுப்பினார். ஹிரசாவா தூக்கிலிடப்படாமலும் விடுவிக்கப்படாமலும் 1987இல், 95 வயதில், சிறைக்காவலிலேயே இறந்தார். சட்டத்துறையில் இருப்பவர்களும், அந்தத் துறையால் காயப்பட்டவர்களும் இந்த நாவலிலிருந்தே தொடங்கலாம். மற்றவர்களுக்கு, கிரிக்கோவின் கடுமையைத் தாங்கிக்கொள்ளக் கொஞ்சம் முன்பழக்கம் தேவை என்று நினைக்கிறேன்.

'கேளாத இடம்' ஐந்தில் பிற்காலத்தது. வேளாண் அமைச்சகத்தில் பணிபுரியும் அசாய் என்ற அதிகாரி, அலுவல் பயணமாகக் கோபேயில் விருந்தொன்றில் இருக்கும்போது மனைவி மாரடைப்பால் இறந்த செய்தி வருகிறது. அவள் இறந்தது டோக்கியோவில், அவளுக்கு எந்த வேலையும் இருந்திருக்க முடியாத ஒரு பகுதியின் கடையில். அவள் அங்கே ஏன் போனாள் என்று அவன் தேடத் தொடங்குகிறான். அலுவலகப் படிநிலையில் ஊறிப்போன ஒரு மனத்தின் அச்சங்களைக் காட்டுவதில் இது தேர்ந்தது. ஆனால் சமூகப் பரப்பு மற்ற நான்கிலும் இருக்கும் அளவுக்கு இதில் இல்லை. மூன்று நான்கு நூல்களுக்குப் பிறகு படித்தால் போதும்.

எனவே ஒரே ஒரு நாவல் மட்டுமே படிக்கப் போகிறவருக்கும், பல நாவல்களைப் படிக்க எண்ணுபவருக்கும் நான் சொல்லும் முதல் நூல் 'சுழியக் குவியம்'. இரண்டாவது 'மணற்கலம்'. மூன்றாவதாகப் 'புள்ளிகளும் கோடுகளும்' வரும்போது, அந்த ரயில் நேரங்களுக்கு அடியில் ஓடும் கசப்பு தானாகவே புலப்படும். இரண்டே மாலைப்பொழுதுகள்தான் கையில் இருக்கின்றன என்பவர் இந்த வரிசையை மாற்றிச் சிறிய நாவலையே முதலில் எடுக்கலாம், தவறில்லை. 'மணற்கலம்' 1974இல் நொமுரா யொஷித்தாரோவின் இயக்கத்தில் திரைப்படமாகி ஜப்பானில் பெரும் வரவேற்பைப் பெற்றது. நாவலை முடிக்கும்வரை அந்தப் படத்தைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். படத்தின் இறுதிப் பகுதி மறக்க முடியாதது. அதைப் பார்த்துவிட்டால், இமானிஷி ஊர்ஊராக நடந்து சேர்க்கும் சின்னச் சின்னச் சான்றுகளுக்காகக் காத்திருக்கும் பொறுமை நமக்கு இருக்காது.

எந்த நாவலைத் தொடங்கினாலும் ஜப்பானின் வரைபடம் ஒன்றை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. ஊர்களுக்கு இடையிலான தொலைவும், ஓர் ஊரிலிருந்து இன்னொன்றுக்கு மலைகளைச் சுற்றிப் போகும் பாதையும் தெரிந்தால்தான் இவருடைய மனிதர்கள் எவ்வளவு தூரம் ஓடி ஒளிந்திருக்கிறார்கள் என்பது புரியும். 'சுழியக் குவியம்' படிப்பவர் கனசாவாவையும், அதற்கு வடக்கே நோட்டோவின் மேற்குக் கரையையும் முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளட்டும். டோக்கியோவின் உயெனோ நிலையத்தில், இரவு ரயிலில் புறப்படும் கணவரைத் தெய்க்கோ வழியனுப்பும் காட்சி நாவலின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அந்தச் சில பக்கங்களை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். அவள் அவரைக் கடைசியாகப் பார்ப்பது அங்கேதான்.